பதினொரு பேர் வரவில்லை

மாவுக் கிடங்கின் எடைமேடை வாசலில் ஒட்டியிருந்த தாளைச் சுமைதூக்கும் கொக்கி மூன்று தடவை படித்தார். முதல் தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் தடவை தன் எண் எங்கே என்று தேடிப் படித்தார். மூன்றாம் தடவை படிக்கத் தேவையே இல்லை. இருந்தாலும் படித்தார், கோபம் சரியான சூட்டுக்கு வரட்டும் என்பதுபோல.

பிற்பகல் முறை, எடைமேடை வாசல். கீழ்க்கண்ட பதினொரு பேர் கடந்த நான்கு நாட்களாக வேலைக்கு வரவில்லை. இன்று இரண்டு மணிக்குள் எழுத்து மூலம் தக்க காரணம் தராவிட்டால் நாளை முதல் பட்டியலில் பெயர் இருக்காது. செய்தி அவ்வளவுதான். கீழே பதினொரு எண்கள். ஆறாவது எண் அவருடையது.

நான்கு நாளும் வந்திருந்தார். மற்ற பத்துப் பேரும் வந்திருந்தார்கள். வந்து, மூச்சு முட்ட முட்ட மாவு மூட்டை இறக்கியும் கிழிந்ததைத் தைத்தும் இருந்தார்கள். கொக்கியின் வலது தோளில் தோல் உரிந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. வராத ஆளுக்குத் தோள் உரியுமா என்று அந்தத் தாளிடமே கேட்கத் தோன்றியது.

தாளிடம் கேட்காமல் வாசல் அதிகாரியிடம் போய்க் கேட்டார். அதிகாரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து ரெண்டு மணிக்கு இந்த வாசல்ல நின்னு என்னை யாரு விரட்டினது? சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னு?"

"நான்தான்."

"அப்ப நான் வந்தேன்ல?"

"வந்த."

"பின்னே வரலைன்னு ஒட்டியிருக்கீங்க?"

அதிகாரி ஒரு சுளையை வாயில் போட்டு, விதையைத் தனியாக எடுத்து வைத்தார். "இங்க பாரு கொக்கி. நான் பார்த்ததெல்லாம் கணக்குல வராது. ஆப்ல வரணும். ஆப்ல நீ வரலை. என்மேல எரிஞ்சு விழுந்து என்ன ஆகப்போகுது? எழுதிக் குடு, வாங்கிக்கிறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஃபோன்ல சார்ஜ் இல்ல, டவர் இல்ல, பழைய ஃபோனுன்னு எதாவது எழுதினா எடுபடாது. ஃபோன் உங்க பொறுப்புன்னு விதியிலேயே இருக்கு."

வெளியே, தாள் ஒட்டிய செய்தி கேட்டு வந்த மற்றவர்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். கிழிந்த மூட்டைகளைத் தைக்கும் பெண், எல்லோருக்கும் சித்தி, கோணூசியைச் சேலை முந்தியில் குத்தி வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். பக்கத்தில் எலி. ஒடிசலான ஆள், ஆனால் மூட்டை ஏற்றினால் லாரியே ஆச்சரியப்படும்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு என்ன சொன்ன?" என்றாள் சித்தி. "வருகைக்குக் காட்டுற பித்தளை வில்லையைத் தூக்கிப் போடுங்க, ஃபோன்ல அழுத்துனா போதும், என் மச்சினன் செஞ்சது, தங்கம் மாதிரி இருக்கும்னு சொன்னியே. நான் வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சிக்கிட்டேன்."

"ஆப்புன்னு பேரு வெச்சப்பவே எனக்குச் சந்தேகம்தான்," என்றான் எலி.

யாரும் சிரிக்கவில்லை. எலியும் சிரிக்கவில்லை.

"பச்சை விழுந்துச்சுல்ல?" என்றார் கொக்கி. "தினமும் அழுத்தினப்ப 'வருகை பதிவானது'ன்னு பச்சையா விழுந்துச்சுல்ல எல்லாருக்கும்?"

"விழுந்துச்சு. பச்சையைக் காட்டிட்டு உள்ளுக்குள்ள வேற எழுதியிருக்கு உன் மச்சினன் பெத்த பிள்ளை," என்றாள் சித்தி. "எனக்கு வேற வாசல் கிடையாது கொக்கி. நாப்பத்தொன்பது வயசுல யாரு என்னை ஊசியோட உள்ள விடுவாங்க? ரெண்டு மணிக்குள்ள நீ பாத்துக்க. நீதான் வாக்குக் குடுத்த."

அப்போது மணி பத்து நாற்பது. கொக்கி வீட்டைப் பார்த்து நடந்தார். வீடு இருபத்தைந்து நிமிட நடை. பதினேழு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் இரண்டு அறைகள். முன்னறையில் சன்னலை ஒட்டி ஒரு மேசை, மேசைமேல் மடிக்கணினி, அதன் முன்னால் காதில் ஹெட்போன் மாட்டிய மச்சினன். மனைவியின் தம்பி. இருபத்தாறு வயது. வேலை கிடைத்து வந்தபோது ஒரு மாதம் தங்குவதாகச் சொன்னவன், இரண்டு வருடமாக அந்தச் சன்னலோரத்தை விட்டு எழுந்ததில்லை. அதில் கொக்கிக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. பையன் காதுக்கு இதமாகப் பேசுவான், 'மாமா, மாமா' என்று காலைச் சுற்றுவான். இவரும் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார்.

இன்றைக்கு வாசலிலிருந்தே, "ஏய்," என்றார்.

அடுப்படியில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். காலையில் அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கும் வேலையை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கணவன் தன் தம்பியை 'ஏய்' என்று கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"உன் ஆப்பைத் திற," என்றார் கொக்கி. "நான் நேத்து எத்தனை மணிக்கு வந்தேன்னு அதுல பாரு."

மச்சினன் காதில் இருந்ததைக் கழற்றினான். "என்ன மாமா, என்ன ஆச்சு?"

"நான் வரலையாம். பதினொரு பேரு வரலையாம். நாலு நாளா. உன் ஆப்பு சொல்லுதாம். ரெண்டு மணிக்குள்ள காரணம் எழுதிக் குடுக்கலைன்னா நாளைக்கு வாசல்ல விடமாட்டாங்க."

"சான்ஸே இல்ல மாமா. போன வாரம்தான் அப்டேட் விட்டோம். நானே சோதிச்சேன். ஆப்ல தப்பு இருக்காது. நீங்கதான் அழுத்தும்போது எங்கயாவது..."

"எங்கயாவது?"

"இல்ல, டவர் இல்லாம இருந்திருக்கலாம். அல்லது ஃபோன் பழசு..."

கொக்கி தன் ஃபோனை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேசையில் இருந்த டம்ளர் துள்ளியது. "நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்டா. உன்னை மாதிரி கண்ணை ஓட்டிட்டுப் போறவன் இல்ல. 'வருகை பதிவானது'ன்னு ஒவ்வொரு எழுத்தா நின்னு படிச்சிட்டுத்தான் நாலு நாளும் உள்ள போனேன்."

"தம்பிகிட்ட எதுக்கு இப்படி எகிறுறீங்க?" என்றாள் மனைவி. "உக்காந்து பொறுமையாச் சொன்னா அவன் பாக்கமாட்டானா?"

"பொறுமையா? அந்தத் தாள்ல என் நம்பர் இருக்கு. பொறுமையை எங்க வெச்சேன்னு நீ தேடிக் குடு."

மச்சினன் முகம் சிறுத்துப்போய்த் தன் ஃபோனை எடுத்தான். ஆப்பைத் திறந்து, அழுத்தினான். பிறகு மடிக்கணினியில் பதிவேட்டைத் திறந்து காட்டினான். பதினொரு மணி இரண்டு நிமிடம் என்று சரியாக விழுந்திருந்தது. "பாருங்க மாமா. சரியாத்தானே இருக்கு?" குரலில் ஒரு சின்ன வெற்றி எட்டிப் பார்த்தது. அந்த வெற்றியைக் கண்டதும் கொக்கி பல்லைக் கடித்தார்.

"நீ எந்த வாசல்ல அழுத்தின?"

"பெரிய வாசல்ல."

"நாங்க எந்த வாசல்ல போறோம்?"

எடைமேடை வாசலுக்குப் போன வார அப்டேட்டில்தான் தனித் திரை வந்தது. அங்கே போகிறவர்கள் வருகையோடு சேர்த்து எந்த லாரியில் வேலை என்ற எண்ணையும் தட்ட வேண்டும். பெரிய வாசலில் அது கிடையாது. பெரிய வாசல் வழியே போகிறவர்கள் நானூறு பேர், எடைமேடை வழியே பதினொரு பேர். நானூறு பேரின் திரையைச் சோதித்துப் பார்த்த பையன் பதினொரு பேரின் திரையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது தொட்டான். லாரி எண்ணைத் தட்டி, பொத்தானை அழுத்தினான். பச்சை விழுந்தது. வருகை பதிவானது. பதிவேட்டைப் பார்த்தான். இன்றைய தேதி இருந்தது. நேரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் பூஜ்யமாக மூன்று ஜோடிச் சுழி. சுழி மணி, சுழி நிமிடம், சுழி நொடி.

"இதென்ன?" என்றார் கொக்கி.

"நேரம் போகலை மாமா. தேதி மட்டும் போகுது. நேரம் இல்லைன்னா அந்தப் பக்கம் பதிவேடு அதை நடுராத்திரின்னு எடுத்துக்கும். உங்க முறை ரெண்டு மணிக்கு. பதிவு நடுராத்திரி. முறைக்கு வெளிய இருக்குன்னு..."

"வரலைன்னு எழுதிடும்."

"ஆமா."

மனைவி கரண்டியை மேசை ஓரத்தில் வைத்தாள். மூன்று பேரும் அந்தச் சுழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சினன் ஆப்பை எழுதிய நிரலைத் திறந்தான். கறுப்புத் திரையில் வண்ண வண்ண எழுத்துகள் மேலிருந்து கீழே ஓடின. கொக்கி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார், வியர்வை வாடையோடு, நகராமல். பையன் கீழே போனான், மேலே வந்தான், மறுபடி கீழே போனான். கால் மணி நேரம் இப்படிப் போனது. பிறகு கோப்பின் தலைப்பகுதியில் ஒரு வரியில் கண் நின்றது. நின்ற கண் அசையவில்லை. கழுத்து மட்டும் மெல்ல மெல்லத் தோளுக்குள் இறங்கியது.

"கண்டுட்டல்ல?" என்றார் கொக்கி. "சொல்லு."

"டேட்னு ரெண்டு கிளாஸ் இருக்கு மாமா, யாரோ தயாரா எழுதி வெச்ச நிரல். ஒரே பேரு. வேற வேற இடத்துல இருக்கும். ஒண்ணுல தேதியும் நேரமும் சேர்ந்து போகும். இன்னொண்ணு தேதியை மட்டும்தான் எழுதிக் குடுக்கும். எது வேணுமோ அதை மேல இம்போர்ட்னு ஒரு வரி போட்டுக் கூட்டிட்டு வரணும். நாம பேரைத் தட்டினதும் எடிட்டரே ரெண்டையும் பட்டியல் போட்டுக் காட்டும். எதுன்னு பாத்து அழுத்தணும்."

"நீ பாத்தியா?"

"மேல இருந்ததை அழுத்திட்டேன்."

"பாக்காம?"

"எல்லாரும் அப்படித்தான் மாமா செய்வாங்க. பெரும்பாலும் மேல இருக்கிறதுதான் சரியா இருக்கும்."

கொக்கி அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். சக்கர நாற்காலி. பையன் அதோடு சேர்ந்து திரும்பினான்.

"எங்க கிடங்குல ஒரே கம்பெனி மூட்டை ரெண்டு ரகம் வரும். ஒரே பை, ஒரே எழுத்து, ஒரே எடை. வாய் தைச்ச நூல் மட்டும் வேற. வெள்ளை நூலுன்னா மனுசன் தின்னுற மாவு. நீல நூலுன்னா மாட்டுத் தீவனம். தூக்குறதுக்கு முன்னாடி நூலைப் பாக்கணும். முதுகுக்குப் பின்னால நூறு ஆளு நின்னு கத்தினாலும், மழை வந்தாலும், பாத்துட்டுத்தான் தூக்கணும். இருபத்திரண்டு வருசத்துல நான் ஒரு மூட்டை மாத்தினதில்ல. எழுதப் படிக்கத் தெரியாத காலத்துலயே மாத்தினதில்ல. நீ எத்தனை வருசம் படிச்ச?"

"பதினாறு."

"பதினாறு வருசம் படிச்சிட்டு நூலைப் பாக்காம தூக்கியிருக்க."

மனைவி வாய் திறக்கப் போனாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள், கணவனின் தோளில் ஒட்டியிருந்த சட்டையைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

மச்சினன் அந்த வரியை அழித்தான். சரியான டேட்டைக் கூட்டி வந்தான். உடனே கோப்பில் ஐந்து இடங்களில் சிவப்புக் கோடு விழுந்தது.

"இப்ப எதுக்குச் சிவக்குது?"

"மத்த இடமெல்லாம் அந்தத் தப்பானதை நம்பி எழுதினது. இது வந்ததும் பொருந்தலைன்னு சொல்லுது."

"தப்பானது உள்ள இருந்தப்ப ஒரு சிவப்பு வந்துச்சா?"

"இல்ல."

"நல்ல ஆபீசுடா இது," என்றார் கொக்கி. "தப்பானவன் நாலு நாளா உள்ள உக்காந்திருந்தான், ஒருத்தரும் கேக்கலை. சரியானவன் வந்து நின்னதும் அஞ்சு பேரு எந்திரிச்சுக் கத்துறான்."

பையன் அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். சிவப்பு மறைந்தது. ஆப்பைத் திருத்தத்தோடு மறுபடி உருவாக்கி, கொக்கியின் ஃபோனில் ஏற்றினான். "அழுத்துங்க மாமா."

கொக்கி லாரி எண்ணைத் தட்டி அழுத்தினார். பச்சை விழுந்தது. பதிவேட்டில் மறுபடி மூன்று ஜோடிச் சுழி.

பையன் பதிவேட்டை மூடித் திறந்து பார்த்தான், சுழி மாறவில்லை. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

"அந்த வரியை நீ வேற எங்க எல்லாம் போட்டிருக்க?" என்றார் கொக்கி.

"எங்கயும் இல்ல மாமா, இந்த ஒரு..."

"தேடு."

"நான் போட்டிருந்தா எனக்குத் தெரியாதா?"

"இது போட்டதே உனக்குத் தெரியாது. தேடு."

தேடினான். மொத்த நிரலிலும் அதே வரி இன்னும் இரண்டு கோப்புகளில் இருந்தது. ஒன்று, வருகையை எடுத்து மறுமுனைக்கு அனுப்பும் கோப்பு. மற்றொன்று, சிக்னல் இல்லாத நேரத்தில் ஃபோனிலேயே சேமித்து வைக்கும் கோப்பு. மூன்றும் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள் எழுதியவை. ஒவ்வொரு தடவையும் பட்டியல் வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் விரல் மேலே இருந்ததை அழுத்தியிருக்கிறது. வரியின் பக்கத்திலேயே எழுதியவன் பெயரும் நாளும் சின்ன எழுத்தில் நின்றன. இந்தத் தடவை கொக்கியே படித்தார். மச்சினன் பெயரைத்தான் படித்தார். மூன்று தடவை.

இரண்டு கோப்புகளையும் திருத்தி, கிளம்பிய சிவப்பை எல்லாம் அடக்கி, மறுபடி உருவாக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி அழுத்தியபோது பன்னிரண்டு முப்பத்தெட்டு என்று விழுந்தது. சுவர்க் கடிகாரமும் அதையே சொன்னது.

"சரியாப் போச்சு மாமா," என்று மூச்சு விட்டான் பையன்.

"என்ன சரியாப் போச்சு? அந்த நாலு நாளு?"

"அது... அது வராது மாமா. நேரமே அங்க போகலையே. இல்லாததை எங்க இருந்து எடுக்கிறது? இனிமே சரியா விழும்."

"இனிமே விழுந்து எனக்கென்ன? நாளைக்கு நான் உள்ள போனாத்தானே அழுத்துறதுக்கு?"

பையனுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது போலிருந்தது. தன் கம்பெனிக்காரருக்கு ஃபோன் போட்டான். கொக்கி கையை நீட்டி ஒலிபெருக்கியை அழுத்தினார். கம்பெனிக்காரர் பொறுமையாகக் கேட்டார், இடையில் ஒரு தடவை கொட்டாவியும் விட்டார்.

"பதினொரு பேருதானே? நல்லவேளை. இதைப் பெரிசு பண்ணாத. அப்டேட்டை அடுத்த வாரம் அமைதியா விட்டுரலாம். கிடங்குல கேட்டா ஃபோன் பழசு, டவர் பிரச்சினைன்னு ஒரு மெயில் போடு. அந்த ஆளுங்க கையில எந்த ஃபோன் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம தப்புன்னு எழுத்துல மட்டும் எதுவும் குடுத்துராத. குடுத்தா அதோட நீ வேற இடம் பாத்துக்கலாம்."

இணைப்பு துண்டானது. கொக்கி தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். மூலையில் ஒரு கீறல். மற்றபடி குறை சொல்ல முடியாத ஃபோன், போன வருடம்தான் வாங்கியது.

"அந்த ஆளுங்க," என்றார். குரல் உயரவில்லை. "அந்த ஆளுங்களாம். சித்தி அந்த ஆளுங்க. எலி அந்த ஆளுங்க. உனக்கு ரெண்டு வருசமா இந்த வீட்ல தட்டு வெச்சவ புருசன் அந்த ஆளு. எழுதுடா. ஃபோன் பழசுன்னு எழுது. எழுதிட்டு அந்தத் தாளை நீயே கொண்டுபோய் சித்தி கையில குடு. அவ முந்தியில கோணூசி வெச்சிருக்கா, பாத்துக்க."

"மாமா, வேலை போயிரும்."

"யாருக்கு?"

பையன் மடிக்கணினியைப் பாதி மூடினான். மேசை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி அறைக்குள் வந்து ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தாள்.

"அக்கா, நீயுமா?"

"உன் பக்கம் பேசத்தான் இத்தனை நேரமா வார்த்தை தேடிட்டு இருந்தேன். அந்த ஆளு கொட்டாவி விட்டான் பாரு, அதோட தேடுறதை விட்டுட்டேன்," என்றாள் அவள். "எழுது. மெயில் வேண்டாம், உன் கையால எழுது. ஒரு வேலை போனா இன்னொரு வேலைக்கு உனக்கு உக்காரச் சன்னல் இருக்கு. அவங்க பதினொரு பேருக்கு என்ன இருக்கு?"

பையன் எழுதினான். எத்தனையோ வருடமாகப் பேனா பிடிக்காத கை. எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எழுதி முடித்ததைக் கொக்கி வாங்கி, விரலை வைத்து, வரி வரியாகப் படித்தார். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று தொடங்கி 'வருந்துகிறோம்' என்று முடிந்திருந்தது.

"இதுல யாரும் ஒண்ணும் செய்யலையே," என்றார். "கோளாறாம். மழை பெஞ்ச மாதிரி எழுதியிருக்க. அதிகாரி இதைப் படிச்சா எங்க ஃபோன்ல கோளாறுன்னுதான் நினைப்பான். செஞ்சது யாரு, என்ன செஞ்ச, அதனால என்ன ஆச்சு. அதை எழுது."

இரண்டாவது தாளில் பையன் எழுதினான்: எடைமேடை வாசல் திரையை எழுதியவன் நான். தவறான டேட் கிளாஸை மூன்று இடத்தில் பார்க்காமல் சேர்த்தேன். அதனால் பதினொரு பேர் வந்த நேரம் பதிவாகவில்லை. அவர்கள் நான்கு நாளும் வந்தார்கள். அவர்கள் ஃபோனில் குறை இல்லை. கீழே கையெழுத்து. கொக்கி அதையும் விரல் வைத்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மடிக்கணினியையும் எடு. நீயும் வர்ற."

"நான் எதுக்கு மாமா?"

"அடுத்த வாரம் அமைதியா விடுவானாமே உன் முதலாளி. இன்னிக்கு ரெண்டு மணிக்கு அழுத்தணும் நாங்க. பதினொரு ஃபோன்லயும் நீ கையாலேயே ஏத்துற."

வெயிலில் நடந்தார்கள். கொக்கி முன்னால், பையன் பத்தடி பின்னால், தோளில் பையோடு. வழியில் பையனின் ஃபோன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. கொக்கியும் யார் என்று கேட்கவில்லை.

வாசல் அதிகாரி கடிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு கண்ணாடித் தடுப்பு வழியே பையனைப் பார்த்தார்.

"இவன்தானா?"

"நான்தான் சார்."

"நல்லது. யாராவது ஒருத்தன் பேருல தப்பு வந்தாப் போதும் எனக்கு. வெறும் காத்து மேல எல்லாம் என்னால முத்திரை குத்த முடியாது." முத்திரையைக் குத்தினார். ஆள் அனுப்பிச் சுவரில் இருந்த தாளைக் கிழிக்கச் சொன்னார். "போங்க. பேரு இருக்கும்."

கொக்கி போகவில்லை. "நாலு நாளும் வந்தோம்னு எழுதுங்க சார்."

"அதான் பேரு இருக்குன்னு சொல்லிட்டேனே."

"பேரு இருக்கிறது வேற. பதிவேட்டுல இன்னும் வரலைன்னுதான் நிக்குது. அடுத்த மாசம் வேற யாராவது அதை எடுத்துப் பாத்து நாலு நாள் ஏமாத்தின ஆளுன்னு சொல்லுவான். வந்தோம்னு எழுதுங்க. நீங்கதானே பாத்தீங்க?"

அதிகாரி எரிச்சலோடு பேனாவை எடுத்தார். பதினொரு எண்கள், நான்கு நாட்கள். நாற்பத்து நான்கு கட்டங்களில் 'வந்தார்' என்று கையால் எழுதி முடிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. கொக்கி தடுப்பை விட்டு நகராமல் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மணிக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. எடைமேடை வாசல் ஓரத்தில் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்துப் பையன் உட்கார்ந்தான். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வரிசையில் நின்று ஆளாளுக்கு ஃபோனை நீட்டினார்கள்.

"ஏத்தினாப் போதாது," என்றார் கொக்கி. "என்ன செஞ்சேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டு ஏத்து."

"எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாச் சொல்லிடறேனே மாமா."

"ஒரே தடவையா வரலைன்னு போட்டாங்க? ஒவ்வொரு நம்பராத்தான் போட்டாங்க."

முதலில் சித்தி. பையன் அவள் ஃபோனை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, "தப்பான கிளாஸைச் சேர்த்தது நான்தான். அதான் நீங்க வந்த நேரம் விழலை. ஆனா அது ரெண்டும் ஒரே பேருல..." என்றான்.

"மூஞ்சியைப் பாத்துச் சொல்லு," என்றாள் சித்தி. "ஃபோனை இல்ல வரலைன்னு சொன்னது. என்னையத்தான் வரலைன்னு சொன்னது."

நிமிர்ந்து பார்த்துச் சொன்னான். அவள் மன்னித்ததாகவும் தெரியவில்லை, திட்டவும் இல்லை. ஃபோனை வாங்கி அழுத்தினாள், பச்சையை நம்பாமல் பதிவேட்டைக் காட்டச் சொன்னாள், நேரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்தவர். "தப்பான கிளாஸைச் சேர்த்தது நான்தான். ஆனா எடிட்டர்ல மேல..." அடுத்தவர். "நான்தான். ஆனா சோதிக்க நேரம்..." எலி வந்தான். "எனக்கு அந்த ஆனாவெல்லாம் வேண்டாம் தம்பி, முதுகுல ஏற்கனவே பாரம் இருக்கு," என்றான். பையன் அவன் ஃபோனை வாங்கி ஏற்றினான்.

ஏழாவது ஆளிடம் சொல்லும்போது 'ஆனா' இல்லை. எட்டாவது ஆளிடமும் இல்லை. பெட்டிமேல் இருந்த அவனுடைய ஃபோன் மறுபடி அடித்தது. கம்பெனிக்காரர். பையன் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்பதாவது ஆளின் ஃபோனுக்குக் கை நீட்டினான். அவன் நெற்றியில் வழிந்த வியர்வை மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

பத்தாவது ஆளும் உள்ளே போனபின் பையன் மடிக்கணினியை மூடப் போனான். நிழல் விழுந்தது. நிமிர்ந்தான்.

வரிசையின் கடைசியில் கொக்கி நின்றார், ஃபோனை நீட்டிக்கொண்டு.

"உங்க ஃபோன்லதான் வீட்லயே ஏத்திட்டேனே மாமா."

"ஏத்தின. சொல்லலை."

எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. தகடு அதிர்ந்தது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார், அதிகாரி தடுப்புக்குள்ளிருந்து கையை ஆட்டிச் சீக்கிரம் சீக்கிரம் என்றார். கொக்கி திரும்பிப் பார்க்கவில்லை.

பையன் எழுந்து நின்றான். "தப்பான கிளாஸைச் சேர்த்தது நான்தான். நீங்க நாலு நாளும் வந்தீங்க. வரலைன்னு எழுத வெச்சது நான்."

கொக்கி லாரி எண்ணைத் தட்டினார். அழுத்தினார். விழுந்த நேரத்தை, ஒவ்வொரு எண்ணாக நின்று படித்தார்.

"சரி," என்றார். "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. கோபம் இன்னும் இருக்கு எனக்கு. சாயங்காலம் வந்து பேசிக்கிறேன்."

கழுத்துத் துண்டை மடித்து உரிந்த தோளில் போட்டுக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார்.